பன்னிரண்டு வலது கைகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடையின் சொந்தக்காரியான என் தம்பி மகள். கத்தரிக்கோல்களுக்குச் சாணை பிடித்துத் தருபவர். பெட்டி கட்டி அனுப்பும் அம்மாள். என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன். அவன்தான் என் விசாரணைகளில் எனக்கு உதவியாக வருபவன், வாயை மூடத் தெரியாதவன். பிறகு நான். கதவைத் தாழிட்டவனும் நானே என்பதால் கணக்கில் பிழை இருக்க முடியாது.

இந்த ஐவரில் ஒருவர் எங்கள் குடும்பத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை சரிதான். ஆளைத்தான் தவறாகப் பிடித்தேன்.

"பெரியப்பா, கதவைத் தொறங்க. காத்தே வரல" என்றாள் தம்பி மகள்.

"காத்து அப்புறம் வரட்டும். முதல்ல உண்மை வரட்டும்."

"உண்மையும் கதவு வழியாத்தானே அத்தான் வரணும்?" என்றான் மைத்துனன்.

நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

விஷயம் இதுதான். தம்பி வீட்டு மாடி அறையில் இருந்து அவள் இணையத்தில் கடை நடத்துகிறாள். இடது கைக்காரர்களுக்கு மட்டுமான கடை. அவளும் இடது கைக்காரி. ஆறு வயதில் அதை மாற்ற முயன்றவர்களில் நான் முதல்வன். இடது கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வலது கையில் பென்சிலைக் கொடுத்தேன். பொம்மையைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலைக் கை மாற்றிக்கொண்டாள்.

வளர்ந்தபின் தனக்கு நல்ல கத்தரிக்கோல் கிடைக்கவில்லை என்பதில்தான் கடையே தொடங்கியது. முப்பது இடது கைக்காரர்களைத் தேடிப் பிடித்து, தினமும் உங்களுக்கு எரிச்சல் தருவது எது என்று கேட்டாள். அவர்கள் சொன்னதை மாதத்துக்கு ஒரு பொருளாகக் கடையில் வைத்தாள். வலமிருந்து இடமாக எண் ஓடும் அளவுகோல், பைகள் இடப்பக்கம் தைத்த வேலை அங்கி, வலது ஓரத்தில் கம்பி வைத்த நோட்டு. யார் என்ன கேட்டு எழுதினாலும் அன்றைக்கே பதில் போடுவாள். எட்டு மாதத்தில் மாடி அறையில் நடக்க இடமில்லாத அளவுக்குக் கடை வளர்ந்தது.

இப்போது அதற்கு ஆபத்து. அவள் பொருள் விற்பது ஒரு பெரிய விற்பனைத் தளத்தின் வழியாக. அங்கே வாங்கியவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். ஐந்து போட்டால் மகிழ்ச்சி. ஒன்று போட்டால் வசை. மூன்று வாரத்தில் அவளுடைய கத்தரிக்கோலுக்குப் பன்னிரண்டு ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. இன்று மாலை ஐந்து மணிக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் கடை நீக்கப்படும் என்று தளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"படி" என்றேன்.

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். "'துணியை வெட்டவில்லை, மடிக்கிறது.' எழுதினவங்க பேரு 'உண்மை விளம்பி'. அடுத்தது, 'இதைவிடப் பல்லால் கடித்துக் கிழிக்கலாம்.' 'மனம் நொந்தவர்'. அடுத்தது, 'மகா மட்டம். செய்தவர் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.' இதுல பேரே இல்ல."

"கடைசியா எழுதினவங்க நல்லாப் பழகினவங்க மாதிரி இருக்கே" என்றான் மைத்துனன்.

நான் சாணைக்காரரிடம் திரும்பினேன். முப்பது ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யான விபத்துகளை விசாரித்தவன் நான். ஓய்வு பெற்றபின் வெளி விசாரணைகளையும் எடுத்துச் செய்கிறேன். ஒரு பொருள் வெட்டவில்லை என்றால், அதற்குக் கூர் போட்டவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"நீங்க மொக்கையா அனுப்பியிருக்கீங்க."

"சார், ஒவ்வொண்ணையும் ஈரத் துணியில வெட்டிப் பாத்துட்டுத்தான் தரேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. உயராத குரலை நான் நம்புவதில்லை.

அலமாரியிலிருந்து ஒரு புதுக் கத்தரிக்கோலை நானே எடுத்தேன். மேசை மேல் கிடந்த துணியில் வைத்து அழுத்தினேன். துணி இரண்டு அலகுகளுக்கும் நடுவே நழுவி மடிந்து நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி மடிந்தது. கட்டை விரல் வலித்தது.

"இது என்ன?" என்று மடிந்த துணியைச் சாணைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் துணியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். தம்பி மகள் எழுந்து வந்து கத்தரிக்கோலை வாங்கி, இடது கையில் மாட்டி, அதே துணியை ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்தாற்போல் வெட்டினாள்.

"நீங்க வலது கையில பிடிச்சீங்க பெரியப்பா. இதுல அலகு ரெண்டும் மாத்தி வச்சிருக்கும். இடது கை அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். வலது கை அமுக்கினா விலகிப் போகும். துணி நடுவுல பூந்துக்கும்."

"ஆக, கத்தரிக்கோல் நிரபராதி" என்றான் மைத்துனன். "கைதான் குத்தவாளி."

அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் மணி அடித்தது. "படம் ஏதாவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

ஒரே ஒருவர் போட்டிருந்தார். 'ஏமாந்தவள்' என்ற பெயரில். திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கை. கட்டை விரல் அடியில் சிவப்பாக ஒரு பள்ளம். மைத்துனன் தன் வலது கையைத் திரை மேல் அப்படியே வைத்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. இடது கையை வைத்தான். கட்டை விரல் எதிர்ப் பக்கம் போய் நின்றது.

"வலது கை அத்தான். சந்தேகமே இல்ல. கைரேகை ஜோசியம் பாக்கட்டுமா?"

மற்ற பதினொன்றையும் நானே படித்தேன். ஒன்றிரண்டு வெறும் வசை, மற்ற எல்லோரும் துணி மடிந்ததையே சொன்னார்கள். ஏழு பேர் கட்டை விரலையும் சேர்த்துச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் வலது கைக்காரர்கள். கடையின் முகப்பில் 'இடது கைக்காரர்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அங்கே வந்து பன்னிரண்டு வலது கைகள் வரிசையாக ஏன் கத்தரிக்கோல் வாங்க வேண்டும்?

"கூலிக்கு ஆள் வச்சு எழுதியிருக்காங்க" என்றேன். "போட்டிக் கடை. அவங்களுக்கு உள்ளேயிருந்து யாரோ தகவல் தராங்க."

அந்த நேரம் பார்த்துப் பெட்டி கட்டும் அம்மாளின் போன் அடித்தது. அவர் துண்டித்தார். நான் வந்ததிலிருந்து இது நான்காவது முறை.

"யாரும்மா அது?"

"மருமக சார்."

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"குக்கர் மூடி எங்கன்னு கேப்பா. எங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னா என்னைத் தேடவே மாட்டா."

இதை நம்புவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் திரையருகே வந்து குனிந்தார். "இந்தப் பெட்டி நான் கட்டினதுதான். உள்ள பச்சைக் கோடு போட்ட துணி தெரியுது பாருங்க."

"அதுக்கென்ன?"

"அன்னன்னைக்கு அங்கி வெட்டறப்போ விழற துண்டைத்தான் அன்னன்னைக்குப் பெட்டிக்குள்ள அடைப்பேன். மறுநாளைக்கு எடுத்து வைக்கறதில்ல, எடம் இல்ல. பச்சைக் கோடு ஒரே ஒரு நாள்தான் வெட்டினோம். துணி ஒரு ரோல்தான் வந்துச்சு."

முப்பது ஆண்டு அனுபவத்தில் இத்தனை நேரான சாட்சியத்தை நான் அதிகம் கேட்டதில்லை. சாட்சி சந்தேகப் பட்டியலில் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

தம்பி மகள் தேதியைத் தேடி எடுத்தாள். ஒன்பதாம் தேதி. அன்று போன பார்சல்கள் பதினொன்று. கத்தரிக்கோல் இருந்தவை மூன்று. ஒன்று வழக்கமாக வாங்கும் முடி திருத்துபவருக்கு. ஒன்று ஒரு பள்ளி ஆசிரியைக்கு. மூன்றாவது புது ஆள். வீட்டு முகவரி தரவில்லை. கூரியர் கிளைக்கே வந்து வாங்கிக்கொள்வதாகப் போட்டிருந்தார். அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. நானும் கேள்விப்பட்டதில்லை.

"வீட்டைக் காட்ட விரும்பாத ஆள்" என்றேன் மைத்துனனிடம். "கிளம்பு."

"நானும் வரேன் பெரியப்பா."

"வேண்டாம். நீ விளக்கத்தை எழுதி வை. பேரை மட்டும் காலியா விடு. பேரோட வரேன்."

கூரியர் கிளை, இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஓர் அறை. கண்ணாடித் தடுப்பு, தராசு, சுவரோரம் ஒரு பெஞ்சு. தடுப்புக்குப் பின்னால் இருந்த ஊழியர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வாங்கினவங்க விவரம் தர முடியாது சார். போன் நம்பரும் தர முடியாது."

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதையால் ஒரு பயனும் இல்லை. மணி ஒன்றே கால்.

"ஆளை மட்டும் ஞாபகம் இருக்கா?" என்று மைத்துனன் கேட்டான்.

"மறக்க முடியுமா? அடையாள அட்டை கேட்டேன். 'நாங்க எப்பேர்ப்பட்ட குடும்பம் தெரியுமா'ன்னு பத்து நிமிஷம் சொன்னாங்க. அட்டை மட்டும் கடைசி வரைக்கும் காட்டல. போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

நான் மைத்துனனைத் தனியே அழைத்தேன். "பாத்தியா? திருட்டுத்தனம் பண்றவங்கதான் வாய் நிறைய குடும்பப் பெருமை பேசுவாங்க."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சரி அத்தான்" என்று மட்டும் சொன்னான். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவன் ஊழியரிடம் போனான். "அதே பேருக்கு இன்னொரு பார்சல் வந்தா போன் பண்ணிச் சொல்வீங்களா?"

"சொல்லணும். அது எங்க வேலை."

"இன்னொரு பார்சல் வந்திருக்குன்னு சொல்லுங்களேன்."

"வரலியே சார்."

"பொய் சொல்லச் சொல்லாதே" என்று நானும் கண்டித்தேன். பொய்யால் பிடிபட்ட குற்றவாளியை நான் குற்றவாளியாக ஏற்பதில்லை.

மைத்துனன் ஒரு கவர் வாங்கினான். சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்து உள்ளே போட்டு ஒட்டினான். மேலே அந்தப் பெயரை எழுதி, இந்தக் கிளையின் முகவரியையே எழுதி, தடுப்பின் வழியாக நீட்டினான். ஊழியர் அதை எடை போட்டு, ரசீது கொடுத்து, எழுந்து போய் வந்த பார்சல்கள் அடுக்கில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து போனை எடுத்தார்.

"இப்ப வந்துடுச்சு அத்தான்" என்றான் மைத்துனன். "சீப்பு போனாப் போகட்டும். அதுக்கும் என் தலைக்கும் ரொம்ப நாளா பேச்சுவார்த்தை இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அறைக்குள் வந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் நான் கவனித்தேன். ஒருவர் வலது கையால் கதவைத் தள்ளினார். தபால் தலை கேட்டுவிட்டு, இங்கே இல்லை என்று தெரிந்து போய்விட்டார். ஒருவர் எங்களைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவரை நான் இருபது நிமிடம் சந்தேகித்தேன்.

"அத்தான், அப்படி மொறைக்காதீங்க. உங்களைப் பிடிச்சுக் குடுத்துடப் போறாங்க."

இரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, வலது கையில் போனைப் பிடித்தபடி உள்ளே வந்தது என் தங்கை.

என் சொந்தத் தங்கை. தம்பி மகளுக்கு அத்தை.

என்னைப் பார்த்தாள். அப்படியே திரும்பிக் கதவைப் பிடித்தாள்.

"இவங்கதான் சார்" என்றார் ஊழியர், உதவி செய்யும் ஆர்வத்தில்.

"நில்லு" என்றேன்.

நின்றாள். "அண்ணா, நீங்க எங்க இங்க?"

"அதை நான் கேக்கணும். யார் பேர்ல பார்சல் வாங்கற? 'ஏமாந்தவள்' யாரு? நீயா?"

அவள் வலது கையைப் புடவைக்குள் மறைத்தாள். அதுவே போதுமான பதில்.

"சொந்த அண்ணன் பொண்ணு கடையை மூட வைக்க எவ்வளவு நாளா திட்டம் போட்ட?"

"மூட வைக்கறதா? எதை?" தங்கையின் முகம் நிஜமாகவே வெளுத்தது. "ஒரு கத்தரிக்கோல் சரியில்லைன்னு எழுதினேன். அதுக்குப் போய்க் கடையை மூடுவாங்களா?"

"நீ ஒருத்தி இல்ல. பன்னிரண்டு பேரு."

"பன்னிரண்டுதானா? இருபத்தாறு வீட்டுக்குச் சொன்னீங்களே அண்ணா."

மைத்துனன் மெல்ல என் பக்கம் திரும்பினான். "என்ன சொன்னீங்க அத்தான்? யாருக்குச் சொன்னீங்க?"

இதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன் கடையில் பத்து நாள் விற்பனை மந்தமாக இருந்தது. தம்பி மகள் முகம் வாடியிருந்தது. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில், என் மனைவியையும் சேர்த்து, உறவினர் வீடுகள் இருபத்தாறுக்கும் போனில் ஒரு செய்தி அனுப்பினேன். மைத்துனனுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவனிடம் சொல்வது ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி. நல்ல காரியம் செய்ததாக நினைத்து அதோடு மறந்தும்விட்டேன்.

தங்கை தன் போனில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தாள்.

"'நம் குடும்பத்துப் பெண் கத்தரிக்கோல் விற்கிறாள். வீட்டுக்கு ஒன்று வாங்குவது நம் கடமை. சொந்தக்காரர்கள் தூக்கிவிட்ட கடை என்ற பேச்சு வரக் கூடாது. ஆகவே வேறு பெயரில், வேறு முகவரியில் வாங்கவும். அவளுக்குத் தெரிய வேண்டாம். பொருளின் எண் கீழே உள்ளது.' எண்ணைப் போட்டேன், படம் வந்துச்சு, வாங்கினேன். வெட்டல. விரல் வீங்கிடுச்சு."

"அது இடது கைக் கத்தரிக்கோல்" என்றேன்.

"அதை யாரு சொன்னா?"

"பெட்டி மேல கை படம் போட்டிருக்கே?"

"கையால செஞ்சதுன்னு நெனச்சேன்!"

"வெட்டலன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா?" தங்கை முதல் முறையாகச் சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. "உங்க ஏற்பாட்டுல குத்தம் சொல்லிட்டு அடுத்த விசேஷத்துக்கு உங்க முன்னாடி வந்து நிக்க முடியுமா? பேரு போடாம எழுதற எடம் ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அங்க போய் எழுதிட்டோம். 'மகா மட்டம்' யாரு எழுதினதுன்னு உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

"எங்க அக்காவா!" என்று மைத்துனன் கூவினான். "அந்த நடையைப் பாத்தப்பவே எனக்குத் தோணுச்சு."

தங்கை போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க அண்ணா. இதுல எங்கயாவது இடதுன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

இரண்டு முறை படித்தேன். இல்லை.

அது மறந்து விடுபட்ட சொல் அல்ல. முதலில் எழுதினேன். பிறகு அழித்தேன். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இடது கைக்காரி என்பதை இருபத்தாறு வீடுகளுக்கு என் கையால் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விற்பது இன்னது என்று தெரிந்தும், அதன் பெயரில் பாதியை மறைத்துவிட்டேன். அவள் கடையை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது போட்டிக் கடை அல்ல, சாணைக்காரர் அல்ல, குக்கர் மூடி தேடிய மருமகளும் அல்ல.

மாடி அறைக்குத் திரும்பியபோது மணி மூன்று ஐம்பது. காலையில் இருந்தவர்கள் அனைவரும் இருந்தார்கள். தங்கையையும் அழைத்து வந்திருந்தேன். நடந்ததைத் தம்பி மகளிடம் நானே சொன்னேன், அழித்த சொல் உட்பட. அவளுடைய இடது கை மேசை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தது.

"சுலபம்" என்றான் மைத்துனன். "அத்தான் ஒரு செய்தி போட்டா போதும். 'அழி'ன்னா பன்னிரண்டும் அஞ்சு நிமிஷத்துல காணாமப் போயிடும்."

"வேண்டாம் மாமா" என்றாள் அவள். "பன்னிரண்டும் ஒரே நேரத்துல மறைஞ்சா நாங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணதாத்தான் தளத்துல நெனைப்பாங்க. எழுதினவங்களே அதே எடத்துல என்ன நடந்ததுன்னு எழுதணும். வலது கைக்காரங்க, தெரியாம வாங்கிட்டோம்னு." பேனாவை நிறுத்தினாள். "எம்மேலயும் தப்பு இருக்கு. முகப்புல போட்டா போதும்னு நெனச்சேன். நேரா பொருளுக்கு வரவங்க முகப்பைப் பாக்கறதே இல்ல. ஒவ்வொரு பொருளோட பேருலயும் முதல் வார்த்தையா அதைப் போடறேன். ஆனா அவங்க உண்மையை எழுதணும்னா, அவங்களுக்கு உண்மை தெரியணும் பெரியப்பா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

போனை எடுத்தேன். நான்கு மணி எட்டு நிமிடத்துக்கு இருபத்தாறு வீடுகளுக்கும் எழுதினேன்: 'நம் வீட்டுப் பெண் இடது கைக்காரி. அவள் கடை இடது கைக்காரர்களுக்கானது. சென்ற மாதம் அந்தச் சொல்லை மறைத்து உங்களை வாங்க வைத்தவன் நான். கத்தரிக்கோலை என்னிடம் திருப்பித் தாருங்கள். குறை எழுதியவர்கள் அதன் கீழேயே நடந்ததை எழுதுங்கள். ஐந்து மணிக்குள்.'

தங்கை முதலில் எழுதினாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பெட்டி கட்டும் அம்மாள் திரைக்கு முன் நின்று எண்ணினார். சாணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாற்பதுக்குப் பதினொன்று. பன்னிரண்டாவது வரவில்லை. என் மனைவிக்கு மைத்துனன் போன் செய்தான். அவன் பேசியது, "அக்கா, எழுதுக்கா. எனக்காக இல்ல, என் உயிருக்காக" என்பது மட்டும்தான். நான்கு நாற்பத்தாறுக்கு 'மகா மட்டம்' என்பதன் கீழே ஒரு வரி வந்தது: 'கத்தரிக்கோல் நல்லது. கை மாறிவிட்டது.'

தம்பி மகள் விளக்கத்தை நான்கு ஐம்பதுக்கு அனுப்பினாள். ஐந்து மணி கடந்தது. யாரும் உட்காரவில்லை. ஐந்து பன்னிரண்டுக்குப் பதில் வந்தது: விளக்கம் ஏற்கப்பட்டது, கடை தொடரும்.

அடுத்த வாரத்துக்குள் இருபத்தைந்து கத்தரிக்கோல்கள் என் வீட்டில் சேர்ந்துவிட்டன. எண்பத்திரண்டு வயதான என் சித்தப்பா மட்டும் தன்னுடையதைத் தர முடியாது என்று சொல்லி அனுப்பினார். நன்றாக வெட்டுகிறதாம். எங்கள் குடும்பத்தில் அவர் வலது கையால் எழுதுவதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒரு பேச்சு உறவினர் நடுவே உலவுவதாகக் கேள்விப்படுகிறேன். அன்று அந்த அறையில் நான் வாயே திறக்கவில்லை என்றும், தம்பி மகளிடமும் சாணைக்காரரிடமும் என் சார்பில் மைத்துனன்தான் மன்னிப்புக் கேட்டான் என்றும் சொல்கிறார்களாம். அது பொய். நான்தான் கேட்டேன். இருவரிடமும் தனித்தனியாக, நின்றுகொண்டு கேட்டேன்.